சம்பந்திகளை வாசலில் நிறுத்திய பேட்டரி

வீட்டு எண் 14, ஜகரண்டா தெரு,
பொலோக்வானே.
ஜூன் 21, புதன்கிழமை.

என் மனைவி மாபூலாவின் உடன்பிறந்த தம்பியும், என் மகள் மொசிமாவின் ஒரே தாய்மாமனும், டர்பனில் மின்சாதனக் கடை வைத்து ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்பவருமான திரு. மலெசேலா அவர்களின் சமூகத்துக்கு, அவர் அத்தான் ஜோசியா மாஷியானே உரிய மரியாதைகளோடு எழுதிக்கொண்டது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் முழங்காலும் சௌக்கியம்தானே. தாங்கள் வராமல் போனதற்கு அந்த முழங்காலைத்தான் காரணம் காட்டினீர்கள் என்பதால் தனியாக விசாரிக்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் பொய்யாகிவிடும். இந்த வருஷக் குளிர் எலும்பு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. என் இடுப்பு வலிக்காகத் தங்கள் அக்கா போன வருஷம் வாங்கிக் கொடுத்த மின்சார விரிப்பு இருக்கிறதே, மெத்தைமேல் விரித்துப் படுப்பது, அது மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன். அதைச் செய்தவன் யோக்கியன். கரண்ட் போய் மணிக்கணக்கான பிறகும் அதில் சூடு அப்படியே நிற்கிறது. மின்சாதனம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் விரிப்பைப் புகழ நான் பேனா எடுக்கவில்லை. தாங்கள் வாங்கச் சொன்ன பேட்டரி, போன சனிக்கிழமை, உங்கள் மருமகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு என்ன செய்தது என்று சொல்லத்தான் எடுத்தேன்.

என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து, கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தினார் என்பதற்காக ஒரு பாதிரியாரையே மூன்று முறை பெயில் போட்டவன். எதையும் சரிபார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. என் வீட்டுக்கு எட்டடிச் சுவர், சுவர்மேல் மின்வேலி, நாலு மூலைக்கு நாலு கேமரா, கதவுக்குக் கதவு அலாரம், பட்டனை அமுக்கினால் துப்பாக்கியோடு வந்து நிற்கிற காவல் கம்பெனி, ரிமோட்டில் நகர்கிற இரும்பு கேட். பக்கத்தில் மனிதர் நுழைகிற சின்னக் கதவு ஒன்று இருந்தது; அது பலவீனமான இடம் என்று போன வருஷம் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டேன். எல்லாம் பலம்தான். ஆனால் எல்லாம் கரண்ட். கரண்டோ முறை வைத்துப் போகிறது. எந்தப் பேட்டைக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று அட்டவணை போட்டு ஊருக்கே அறிவிக்கிறார்கள். அதை நாம் பார்க்கிறோமோ இல்லையோ, திருடன் தவறாமல் பார்க்கிறான். அலாரப் பெட்டிக்குள் இருந்த குட்டி பேட்டரி ஒரு வருஷ மின்வெட்டிலேயே செத்துப் போய், நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர் கேட் மோட்டாருக்குப் புது பேட்டரி போட்டார். திருடன் வந்தான், வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அந்த பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். திருடனைத் தடுக்க வாங்கிய பொருளைத் திருடுவதற்காகவே திருடன் வருகிற ஊரில் நாம் குடியிருக்கிறோம்.

அப்போதுதான் தங்களிடம் யோசனை கேட்கிற புத்தி எனக்கு வந்தது. தாங்கள் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினீர்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அலாரத்துக்குள் மறுபடி குட்டி பேட்டரி போட்டால் அடுத்த குளிர்காலத்துக்குத் தாங்காது என்றீர்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கிற யூபிஎஸ் வேண்டாம், அது பத்து நிமிஷத்தில் கும்பிடு போட்டுவிடும் என்றீர்கள். சக்கரம் வைத்த இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்டேன்; எடை தூக்கவே தனியாக ஒரு மைத்துனன் வேண்டும் என்று சிரித்தீர்கள். கடைசியில் சுவரில் மாட்டுகிற லித்தியம் பேட்டரிதான், ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் நடுவில் சீக்கிரம் சார்ஜ் ஏறிவிடும், பத்து வருஷம் உழைக்கும் என்று தீர்ப்புச் சொன்னீர்கள். நான் அதோடு விட்டேனா. இங்கே மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் கூர்முனை ஷூ போட்ட ஒரு பையன், "அங்கிள், உங்களுக்கு எத்தன வாட் வேணும்?" என்று கேட்டான். "அத நீதானப்பா சொல்லணும்" என்றேன். "அங்கிள், ஜாஸ்தியா வாங்கிட்டா கேள்வியே இல்ல" என்றான். அவனை அந்த இடத்திலேயே பெயில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இரண்டாவது கடைக்காரர், கரண்ட் இல்லாததால் பேட்டரியைப் போட்டுக் காட்ட முடியவில்லை என்றார். பேட்டரி விற்கிற கடை. மூன்றாவது கடையில்தான் தாங்கள் சொன்ன அதே பொருள் இருந்தது.

வாங்குவதற்கு முன்னால் முறையாகக் கணக்கு எடுத்தேன். அலாரப் பெட்டி, மின்வேலி, நாலு கேமரா, இன்டர்நெட் பெட்டி, கேட் மோட்டார், என் கட்டில் பக்கத்தில் கேமராப் படம் பார்க்க வைத்த சின்னத் திரை. எல்லாம் சேர்ந்து அறுபது வாட். அறுபது வாட்டுக்கு இந்த பேட்டரி பதினெட்டு மணி நேரம் வரும் என்று தாங்கள் சொன்னீர்கள், கடைக்காரர் சொன்னார், பெட்டிமேலும் அதற்கேற்ற எண்தான் போட்டிருந்தது. மாட்ட வந்தவனிடம் இந்த இணைப்புகளைத் தவிர வேறு எதுவும் பேட்டரியில் சேரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பேட்டரிக்குப் போகிற ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கு மேலும் 'பாதுகாப்புக்கு மட்டும்' என்று காகிதம் ஒட்டி, ஓய்வுபெற்றபோது திருப்பிக் கொடுக்க மறந்துபோன ஆபீஸ் முத்திரையையும் குத்தினேன். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, என் கட்டிலுக்குப் பின்னால் ஒன்று. கேட் மோட்டாருக்கு இரும்புக் கூண்டு செய்து பூட்டினேன். இதைவிட ஒழுங்காக ஒரு மனிதன் ஒரு பேட்டரிக்கு மரியாதை செய்ய முடியுமா.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வந்திருக்க வேண்டியவர் வராததால் வரிசையாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மாமா என்று மூன்று பேர் விடியற்காலையில் வந்து நம் வாசலில் நின்று 'கோ... கோ...' என்று குரல் கொடுக்க வேண்டும். நாம் உடனே திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் நிற்க வைத்தால்தான் பெண்ணுக்கு மதிப்பு. பேசுவது எல்லாம் அத்தையும் தாய்மாமனும். தாய்மாமனுக்குத்தான் முழங்கால். பெற்ற அப்பன் முகம் காட்டக் கூடாது. அந்தப் பேச்சு முடிகிற வரை பின்னறையில் கிடக்க வேண்டும். பெண் இன்னொரு அறையில். மொசிமாவுக்கு முப்பத்து நாலு வயசு. மூன்று வருஷமாக இந்தப் பையன் கௌகேலோவுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வீட்டில் ஒரு சாவு, அப்புறம் இன்னொரு சாவு, இப்படித் தள்ளித் தள்ளி இந்தச் சனிக்கிழமைதான் நாள் குறித்திருந்தது. இது கெட்டால் இன்னொரு சனிக்கிழமை வருமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அதுதான் பயம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முந்தின நாள் ஒரு டம்ளர் இஞ்சிப் பானத்தை ஒரு மணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய், நாலரைக்கு வர வேண்டியது வரவில்லை. எங்கேயோ துணை மின்நிலையத்தில் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்கு என்ன கவலை, நம்மிடம்தான் பதினெட்டு மணி நேரம் இருக்கிறதே என்று கதகதப்பாகப் படுத்திருந்தேன். சரியாக ஆறு மணிக்கு என் தலைமாட்டில் இருந்த திரை அணைந்தது. அதே நேரத்தில் வாசலில், "கோ... கோ... வீட்டுக்காரங்களே, கும்புட்டு நிக்கிறோம்" என்று கனத்த குரல் ஒன்று கேட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா செகோபேலா. எழுபது வயசு, சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

என் அக்கா மொகாய்ச்சி கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நிக்கட்டும். எம் மருமவ என்ன ரோட்டுலயா கெடக்குறா." அரை மணி நேரம் கழித்து, "லெசிபா, கேட்டத் தொற" என்றாள். என் மகன் ரிமோட்டை அமுக்கினான்.

"அத்தே, அசையல."

"நல்லா அமுக்குடா."

"பட்டனே உள்ள போயிடுச்சு அத்தே."

அக்கா என் அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, வழக்கத்தை மீற மாட்டாள். "டேய் ஜோசியா, கேட்டு ஏன்டா தொறக்க மாட்டேங்குது?"

"பேட்டரி, அக்கா. அது பதினெட்டு மணி நேரம் வரும்."

"இப்ப எத்தன மணி நேரம் ஆச்சு?"

"ஆறு."

"மிச்சம் பன்னெண்டு எங்கடா போச்சு?"

மலெசேலா, அந்தக் கேள்வியைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். இனிமேல் தாங்கள், நீங்கள் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. மிச்சம் பன்னிரண்டு எங்கே போயிற்று?

கேட்டைக் கையால் தள்ள ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி போடுகிற துளை கூண்டுக்குள். கூண்டுச் சாவியும் மோட்டார்ச் சாவியும் ஒரே வளையத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று காருக்குள் வைத்திருந்தேன். கார், ஷெட்டுக்குள். ஷெட் கதவை வெளியே இருந்து திறக்கக் கரண்ட் வேண்டும், உள்ளே இருந்து திறக்கக் கயிறு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வெளியே. வெல்டிங் வைத்த சின்னக் கதவைப் பற்றி உன் அக்கா ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. சுவர் ஏறிக் குதித்து அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று லெசிபா ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"அப்பா, வேலில கரண்ட் இல்லதானே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"பேட்டரி போயிடுச்சுடா. ஏறு."

"பதினெட்டு மணி நேரம் வரும்னும் நிச்சயமாத்தான் சொன்னீங்க. நீங்க ஏறுங்கப்பா."

அதற்குள் என் அக்கா முடிவு எடுத்துவிட்டாள். "யாரும் ஏற வேணாம். கேட்டு கெட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது. நாமளாத்தான் நிக்க வெச்சிருக்கோம். அப்படியே இருக்கட்டும்." உன் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணி, வயசானவங்க. குளுரு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?" அப்புறம் என் கதவுப் பக்கம் திரும்பி, "மொசிமா அப்பா, அவங்க திரும்பிப் போனாங்கன்னா, நானும் அதே வண்டில ஏறிப் போயிடுவேன். நீங்க உங்க வேலியோட குடும்பம் நடத்துங்க" என்றாள். மொசிமாவின் அறையிலிருந்து சத்தமே இல்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

பின்னறை என்று பேர்தான், என் அறை ஜன்னல் வாசல் பக்கம். திரையை ஒதுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழரை மணி வாக்கில் அவர்களில் இளையவன், "சித்தப்பா, போயிடலாம். இது அவமானம்" என்றான். செகோபேலா சொன்னார்: "எங்கப்பாவ ஒரு வீட்டு வாசல்ல மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சாங்க. அந்த வீட்டுப் பொண்ணுதான்டா எங்கம்மா. இப்பல்லாம் பத்து நிமிசத்துல கதவத் தொறந்து, டீயக் கொடுத்து, போன்ல போட்டோ காட்டுறாங்க. இன்னும் மொறை தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்குதுன்னு சந்தோசப்படு." இளையவன், "சரி, வண்டிலயாவது உக்காரலாம், ஹீட்டர் இருக்கு" என்றான். "வண்டில உக்காந்தா அது வாசல்ல நின்னதா ஆகுமா?" என்றார் அவர். "அப்ப அந்த மூட்டையையாவது கீழ வைங்க." "தரைல வெக்கிறதுக்கா இத கொண்டாந்தோம்?" நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருத்தருக்குத் தேர்வே வைக்காமல் பாஸ் போட்டேன்.

எட்டு மணிக்கு என் போன் அதிர்ந்தது. எங்கள் தெருப் பாதுகாப்புக் குழு. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் திருமதி பெசெல் எழுதியிருந்தாள்: சந்தேகத்துக்குரிய மூன்று ஆண்கள், கறுப்பு கோட்டு, பெரிய மூட்டை, இரண்டு மணி நேரமாக ஒரு வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள், காவலைக் கூப்பிடலாமா. நம் ஆட்கள் மூன்று பேர் கோட்டுப் போட்டுச் சும்மா நின்றால் அந்த அம்மாளுக்கு அது நோட்டம். அவளை மட்டும் சொல்வானேன், போன மாதம் அவள் வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க வந்தவனை மூட்டையோடு திரிகிறான் என்று எழுதிக் காவலைக் கூப்பிட்டவன் நான்தான். அந்தக் குழுவில் யார் எதை எழுதினாலும் முதல் ஆளாகக் கட்டைவிரலைக் காட்டுவது என் பழக்கம். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாததால் போனில் சார்ஜ் நாலு சதவீதம், வெளிச்சம் மங்கல், வீட்டு எண் கண்ணுக்குப் படவில்லை. கட்டைவிரலைக் காட்டிவிட்டேன். 'உடனே கூப்பிடுங்கள்' என்றும் எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பதினாலு என்ற எண்ணைப் படித்தேன். அதோடு போன் அணைந்தது.

கால் மணி நேரத்தில் இரண்டு காவலர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள், துப்பாக்கியோடு. "கையத் தூக்குங்க. மூட்டையக் கீழ போடுங்க." ஜன்னல் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன்; மற்ற இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். செகோபேலா ஒரு கையைத்தான் தூக்கினார். இன்னொரு கையில் மூட்டை. "தம்பி, சுடணும்னா சுட்டுக்க. இது பொண்ணோட அப்பாவுக்குக் கொண்டாந்தது. கீழ போட மாட்டேன்." காவலன் மூட்டையை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம், "பெரியவரே, எந்தக் குலம்?" என்றான். "முள்ளம்பன்றி." துப்பாக்கி இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எங்கம்மா முள்ளம்பன்றிக் குலம், மாமா" என்றான் அவன். என்னிடம் கையெழுத்து வாங்காமல் புறப்படக் கூடாது என்பது அவர்கள் கம்பெனி விதி. ஆகவே அவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒன்பது மணிக்கு என் வாசலில் மூன்று சம்பந்திகளும் இரண்டு துப்பாக்கிகளும் என் கேட் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தன.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. எல்லாம் ஒன்றாக உயிர்த்து எழுந்தது. அலாரம் அத்தனை கதவிலும் திருடன் நுழைந்ததாக முடிவு கட்டி சைரனைப் போட்டது. அந்த நேரம் பார்த்து லெசிபா ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்ததால் கேட் நகர்ந்தது. இருபது விநாடியில் அது தானாக மூடிக்கொள்ளும், பாதுகாப்புக்காக நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். மரியாதையாக நடந்து வர வேண்டியவர்கள் ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். எழுபது வயசுக்காரர் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "பொண்ணு கேக்கப் போனா குலவை போடுவாங்க. இந்த வீட்ல சைரன் போடுறாங்க. பெரிய எடந்தான்" என்றார். என் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பொண்ணு கேக்கத் துப்பாக்கியோட வந்திருக்கீங்களா? அதுக்கு ஒரு ஆடு அபராதம்" என்றாள். சம்பந்திகள் ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் பேசி முடிந்தது. கல்யாணம் செப்டம்பரில். மொசிமாவைக் கூப்பிட்டபோது அவள் சிரித்துக்கொண்டே வந்தாளாம், நான்தான் பின்னறையில் கிடந்தேனே, பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. காவலர்கள் இரண்டு பேரும் எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டைகளை ஆளுக்கு ஏழு தின்றுவிட்டு, தாய்மாமன் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உன் இடத்தில் உட்கார்ந்தும் பார்த்தார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்பதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை விசாரணை வைத்தேன். பதினெட்டு மணி நேரம் ஆறாகச் சுருங்கியது என்றால், அறுபது வாட் போகிற இடத்தில் நூற்றெண்பது வாட் போயிருக்க வேண்டும். அதாவது என் வீட்டில் யாரோ ஒரு ஆள், மொத்தப் பாதுகாப்புக்கும் ஆகிற மாதிரி இரண்டு மடங்கைத் திருட்டுத்தனமாகத் தின்றிருக்க வேண்டும். உன் அக்காவின் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். அது வேறு பாயின்டில் இருந்தது. மொசிமாவின் முடி நீட்டுகிற இஸ்திரியைத் தொட்டுப் பார்த்தேன், பெட்டியே பிரிக்கவில்லை. லெசிபாவை நிற்க வைத்து, கால்பந்து பார்த்தாயா என்று மூன்று விதமாகக் கேட்டேன். கூடத்து டிவியை யாரும் தொடவில்லை என்று அவன் அத்தை சாட்சி சொன்னாள். அக்காவின் கைப்பையைக்கூடத் திறந்து காட்டச் சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டாள். ஆக, என் வீட்டில் திருடன் யாரும் இல்லை. ஆகவே உன் பேட்டரிதான் திருட்டு பேட்டரி. மைத்துனன் கடை வைத்திருக்கிறான் என்று நம்பியதற்கு மூன்று சம்பந்திகள் என் வாசலில் நாலு மணி நேரம் விறைத்தார்கள். அந்த பேட்டரியைக் கழற்றி உனக்கே பார்சலில் அனுப்பப் போகிறேன். செப்டம்பரில் முழங்காலோடோ இல்லாமலோ வந்து, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, நான் சொன்ன யோசனை தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் நீ சாப்பிட உட்கார வேண்டும். வேண்டுமானால் உட்கார்ந்துகொண்டே சொல், முழங்காலுக்காகச் சலுகை தருகிறேன்.

மற்றபடி தங்கள் மனைவிக்கு என் மரியாதையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளும், தங்கள் கடைக்கு வருகிற அப்பாவி மக்களுக்கு என் அனுதாபமும் உரித்தாகுக. நம் முன்னோர்கள் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அதில் பாதிக்காவது நிற்கிற பேட்டரியும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
ஜோசியா மாஷியானே (முத்திரை)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால், உன் அக்கா படித்துப் பார்க்க வேண்டும் என்றாள். மத்தியானம் மூன்று மணி. கரண்ட் ஒரு மணிக்கே போயிருந்தது. நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். அவள் என் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தாள். படித்துக்கொண்டே மெத்தையைத் தடவினாள். "கரண்ட் போயி ரெண்டு மணி நேரமாச்சு. மெத்த ஏன் சுடுது?" என்றாள். "அது நல்ல சரக்கு, சூடு நிக்கும்" என்றேன். அவள் எழுந்து கட்டிலுக்குப் பின்னால் குனிந்தாள். கேமராத் திரைக்காக நான் முத்திரை குத்திய அந்த பாயின்டில், இரட்டை பிளக்கில், திரைக்குப் பக்கத்தில் விரிப்பின் வயரும் சொருகியிருந்தது. யார் சொருகினார்கள் என்று கேட்காதே. விரிப்பின் ஓரத்தில் எழுதியிருக்கிறது, நூற்றிருபது வாட். என் கணக்கில் தப்பில்லை. "பாதுகாப்புக்கு மட்டும்னு எழுதியிருக்கு. உங்க இடுப்புக்குப் பாதுகாப்புன்னு எடுத்துக்கிட்டீங்களோ?" என்று உன் அக்கா கேட்டாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்கக் கூடாது. இதையும் எழுதி அப்படியே அனுப்புங்க" என்று நின்றுகொண்டிருக்கிறாள். உன் பேட்டரி நல்ல பேட்டரி. ஒரு நிமிஷம்கூட ஏமாற்றவில்லை.

இன்னொன்று. பெண்ணின் அப்பாவுக்கு என்று கொண்டுவந்த அந்த மூட்டையை இப்போதுதான் பிரித்தோம். உள்ளே ஒரு கம்பளி. நல்ல கனம், சுத்த ஆட்டு ரோமம், கடைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. ஒரு ஓரம் பனியில் நனைந்து காய்ந்திருந்தது. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அந்தக் குளிரில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் மலெசேலா, ஒருத்தரும் பிரித்துப் போர்த்திக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அக்கா போனை அவள் கையாலேயே போட்டு என் காதில் வைத்தாள். செகோபேலாவுக்கு நன்றி சொன்னேன். அவர் சொன்னார்: "அன்னிக்கு நல்ல குளுரு சம்பந்தி. ஆனா பொண்ணப் பெத்தவரும் கரண்ட் இல்லாம உள்ள இதே குளுர்லதானே உக்காந்திருக்காருன்னு எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம். அதான் காலு வலிக்கல."

நான், "ஆமா சம்பந்தி, ரொம்பக் குளுரு" என்று சொல்லிவிட்டேன்.